கொலஸ்ட்ரால் கணக்கும் ஆயுள் கணக்கும்

உறுப்பினர்களுக்கு இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தப் பொதுநல நிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும் என்னும் தீர்மானங்கள் அண்மைக் காலத்தில் நம் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் பெருகி வருகின்றன. நெசவாளியின் உடல்நலத்திலும் உழவரின் உடல்நலத்திலும் சங்கம் கருத்துச் செலுத்துவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் முகாம் முடிந்தபின் உறுப்பினர் கையில் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணாக இருக்கிறது. அதுவே மொத்தக் கொலஸ்ட்ரால். அது 200-ஐத் தாண்டிவிட்டால் வீட்டில் துக்கம், தாண்டாவிட்டால் விருந்து. இந்த ஓர் எண்ணைக் கொண்டு ஒருவருடைய நலத்தையும் ஆயுளையும் அளந்துவிடலாகுமா என்பதே இங்கே நாம் ஆராய விரும்பும் பொருள்.

சங்கத் தணிக்கையில் பழகியவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. ஐந்தொகையில் கையிருப்பு ரொக்கம் என்னும் ஓர் இனத்தை மட்டும் பார்த்துச் சங்கம் செழிப்பாக உள்ளது என்றோ நொடித்துவிட்டது என்றோ எழுதும் தணிக்கையாளரை நாம் ஏற்பதில்லை. தவணை கடந்த கடன் எவ்வளவு, தேங்கிக் கிடக்கும் சரக்கு எவ்வளவு என்று கேட்கிறோம். உடலின் கணக்கும் அத்தகையதே.

முதலில், கொலஸ்ட்ரால் ஒரு பொய் என்று கூறித் திரிகின்றவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் வரும் சில பேச்சுகளைக் கேட்டு, ஒரு முறை மாரடைப்பு வந்து மீண்டவர்கள்கூட மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடும் செயல். பிறவியிலேயே இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் இளமையிலேயே மாரடைப்பு வருவதன் காரணத்தைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில், ஏற்கெனவே இருதய நோய் கண்ட 4,444 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரையும், மற்றப் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தனர். வெறும் மாத்திரை உண்டவர்களில் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் 182 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்குப் பன்னிருவர் சாவது எண்மராகக் குறைந்தது. இதை மறுப்பதற்கு இடமில்லை.

ஆனால் அந்த 4,444 பேரும் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. அதன்பின் நடந்த பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று கணக்கிட்டனர். ஐந்தில் ஒரு பங்கு என்றதும் எல்லாருக்கும் ஒரே அளவு லாபம் என்று எண்ணிவிடுகிறோம். கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்தில் இருபது சதவீதத் தள்ளுபடி பட்டுச் சேலைக்கும் உண்டு, கைத்துண்டுக்கும் உண்டு. மிச்சப்படும் பணம் ஒன்றாகுமா? நூற்றுக்கு இருபது பேருக்கு ஆபத்து வரக்கூடிய ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நூற்றில் நால்வர் தப்புகின்றனர். நூற்றுக்கு இருவருக்கே ஆபத்து வரக்கூடிய கூட்டத்தில் அதே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆயிரத்தில் நால்வரே தப்புகின்றனர். ஆகவே, உமது கொலஸ்ட்ரால் எவ்வளவு என்னும் கேள்விக்கு முன்னால், உமது மொத்த ஆபத்து எவ்வளவு என்னும் கேள்வி நிற்கிறது. அதை அறிய வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலைப் பழக்கம், குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்ததா என்னும் செய்தி ஆகிய எல்லாம் வேண்டும்.

நம் சென்னை நகரமே இவ்விஷயத்தில் உலகத்துக்கு ஒரு பாடம் அளித்திருக்கிறது. அது நம்மவர்க்குப் போதிய அளவு தெரியவில்லை. 1998 முதல் 2001 வரை, டாக்டர் வேந்தன் கஜலட்சுமியின் தலைமையில், முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன சென்னைவாசிகள் 5,00,810 பேரை வீடு தேடிச் சென்று சந்தித்து, உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து குறித்தனர். பின்னர் ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து, எவர் எந்த நோயால் இறந்தார் என்று பதிவு செய்தனர். 2018-இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. இரத்த அழுத்தம் ஏற ஏற மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாவது வலுவாக ஏறியது. உடல் பருமனுக்கும் இருதயச் சாவுக்கும் இருந்த தொடர்போ வலுவற்றது. மாறாக, எடை மிகக் குறைந்தவர்களிடம் காச நோயாலும் சுவாச நோய்களாலும் நேரும் சாவு பெருகிக் கிடந்தது. தறியிலும் வயலிலும் எலும்பும் தோலுமாக உழைப்பவர்களுக்கு, மெலிந்தவர் நோயற்றவர் என்று ஆறுதல் கூறும் வழக்கம் எவ்வளவு தவறானது என்பதை இது காட்டுகிறது. அதே ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தமிழகத்து ஆண்களின் சாவுகளை ஆராய்ந்து, இந்தியாவில் காச நோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகைப் பழக்கம் காரணம் என்று கூறிற்று. பீடிக் கட்டுக்கு விலை கொடுத்துவிட்டு முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கி வைப்பவரைக் காணும்போது நகைப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

இரத்த அழுத்தத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பத்து லட்சம் பேரை உள்ளடக்கிய 61 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான கணக்கின்படி, நாற்பது முதல் அறுபத்தொன்பது வயது வரையில், மேல் அழுத்தம் இருபது புள்ளி கூடும் ஒவ்வொரு முறையும் இருதய நோயாலும் பக்கவாதத்தாலும் சாகும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதை அளக்க ஊசி வேண்டியதில்லை, வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டியதில்லை. கையில் பட்டை சுற்றி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தால் போதும்.

இனி, கொலஸ்ட்ரால் என்று பொதுவாகச் சொல்லப்படுவதிலேயே நம் ஊர்க் குறை எது என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னைக் கோபாலபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வின் முதற்கட்டம் தமிழ்நாட்டையும் உள்ளடக்கியது. 2014-இல் வெளியான அதன் விவரப்படி, நூற்றுக்கு 79 பேரிடம் இரத்தக் கொழுப்புகளில் ஏதேனும் ஒன்றாவது முறைமாறி இருந்தது. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்கு 13.9 பேரே, எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 பேரே. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். குறைந்திருந்தவர்களோ 72.3 பேர். டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5 பேர். 2023-இல் நாடு முழுவதற்குமாக வெளியான கணக்கில் இந்த முறைமாற்றம் நூற்றுக்கு 81.2 என்றும், இரத்த அழுத்த நோய் 35.5 என்றும், நீரிழிவு 11.4 என்றும் கண்டனர்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐந்தில் நால்வருக்குக் குறை என்று எழுதிக் கொடுக்கும் ஒரு பரிசோதனைச் சீட்டு, யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்வதில்லை. மேலும், நம் பக்கத்துக் குறை பெரும்பாலும் நெய்யும் வெண்ணெயும் தின்று வந்த குறையன்று. 2001-இல் தொடங்கிச் சென்னையில் 26,001 பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, தீட்டிய தானியத்தை அதிகம் உண்பவர்களிடம் டிரைகிளிசரைடு கூடியும் எச்.டி.எல். குறைந்தும் இருப்பதைக் காட்டிற்று. சென்னைவாசிக்குத் தீட்டிய தானியம் என்றால் பெரும்பாலும் வெள்ளை அரிசியே. காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் மறுபடியும் தோசை என்று மூவேளையும் தீட்டிய அரிசியையே உண்டு, நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்திருக்கும் உறுப்பினரிடம் முட்டையை விடு, தேங்காயை விடு என்று மட்டும் சொல்வது, வரவினத்தில் உள்ள பிழையைச் செலவினத்தில் தேடுவது போலாகும். கேழ்வரகும் சாமையும் தினையும் விளைவிக்கின்ற சங்க உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கும்போது, நம் பண்டகசாலைகளில் அவை மூலையில் தூசி படிந்து கிடப்பதற்கு என்ன நியாயம் உண்டு?

முட்டையைப் பற்றிக் கூறியதால் இதையும் குறிப்பிட வேண்டும். இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை நம் ஈரலே உற்பத்தி செய்கிறது. உணவின் மூலம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கொள்ளலாகாது என்று நெடுங்காலம் எல்லை வகுத்திருந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 2015-ஆம் ஆண்டைத் தொடங்கும் பதிப்பில் அந்த எண் வடிவ எல்லையைக் கைவிட்டுவிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் முட்டைக்கு ஏற்பட்டிருந்த பழி ஓரளவு நீங்கிற்று. புரதம் போதாத நம் கைத்தறிக் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

கொழுப்பைப் பற்றிய கொள்கை நம் நாட்டிலும் சோதனைக்குள்ளாயிற்று. மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை ரயில்வே ஊழியர் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டவரிடையே நேர்ந்த சாவுகளை ஆராய்ந்து 1967-இல் எழுதினார். பஞ்சாபியர் பாலும் நெய்யுமாகத் தென்னாட்டாரைவிடப் பன்மடங்கு கொழுப்பு உண்டனர். ஆயினும் இருதய நோயால் இறந்தவர்கள் தென்னாட்டிலேயே ஏழு மடங்கு அதிகம்! நெய்யே எமன் என்போர் இதற்கு விடை சொல்லத் திணறினர். நெய்யே அமுதம் என்போர் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினர். இரண்டும் மிகை என்பதே நம் கருத்து. இரு கூட்டங்களை ஒப்பிட்டுக் கிடைக்கும் வேற்றுமைக்கு உணவு, தொழில், பழக்கம், பதிவு முறை எனப் பல காரணங்கள் இருக்கலாம். அதிலிருந்து தனி மனிதனுக்கு விதி எழுத முடியாது. ஆனால் கொழுப்பின் அளவு ஒன்றே விதியன்று என்பதற்கு அது தக்க சான்று.

முதியவர்களுக்கு ஒரு சொல். ஹொனலூலுவில் வாழும் 71 முதல் 93 வயது வரையிலான ஜப்பானிய வம்சத்து ஆடவரை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருந்தவர்களே அதிகமாக இறந்தனர் என்று தெரிந்தது. இதைக் காட்டிக் கொலஸ்ட்ரால் கூடினால் ஆயுள் கூடும் என்று வாதிப்பவர் உளர். உள்ளே மறைந்திருக்கும் நோயும் உடல் மெலிவும் கொலஸ்ட்ராலைத் தாமே குறைத்துவிடக் கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்பது வயதில் ஒருவருடைய கொலஸ்ட்ரால் திடீரென்று இறங்கினால், பிள்ளைகள் மகிழ்வதற்குப் பதில், தந்தையார் சரியாக உண்கிறாரா, எடை குறைந்துள்ளதா என்று விசாரிப்பது நலம்.

அதே வேளையில் நியாயம் தவறாமல் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான பெரும் ஆய்வில், கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம் முறைமாறியிருப்பது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகவே நின்றது. தெற்காசிய மக்களுக்கு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்பு வருகிறது என்றும் அவ்வாய்வு கண்டது. ஆனால் கவனிக்க வேண்டியது, அங்கே பேசப்பட்டது மொத்த எண்ணன்று, விகிதம். அதனோடு புகைப்பழக்கம், நீரிழிவு, இரத்த அழுத்தம், இடுப்புக் கொழுப்பு, மனச்சுமை, காய்கனி உண்ணாமை, உடற்பயிற்சியின்மை ஆகியவையும் சேர்ந்தே பெரும்பாலான மாரடைப்புகளை விளக்கின.

இப்போது நம் கடைகளுக்கு வருவோம். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராயநகர்க் கடைத்தெருக்களிலும் அடையாற்று அங்காடிகளிலும் எண்ணெய்ப் பொட்டலங்களின்மீது “கொலஸ்ட்ரால் அற்றது” என்று பொறித்து விற்றதை யாவரும் கண்டிருக்கிறோம். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் என்பது முதலிலிருந்தே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் உண்டு. செக்கு எண்ணெயிலும் இல்லை, ஆலை எண்ணெயிலும் இல்லை. பருத்தி நூலில் எலும்பு இல்லை என்று அச்சடித்து விற்பது போன்றதே இது. “கொலஸ்ட்ராலை எதிர்ப்பது”, “இதயத்துக்கு இதமானது” என்னும் பாணியிலான சொற்களை எண்ணெய்ப் பொட்டலத்தில் அச்சிடலாகாது என்று நம் நாட்டு உணவுக் கலப்படத் தடை விதிகளே கூறின. இவ்வளவுக்கும் மேலாக, வனஸ்பதியிலும் கொலஸ்ட்ரால் இல்லை! ஆனால் எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்கு மிகக் கேடானது என்று கண்டு, 2022 ஜனவரி முதல் அதை நூற்றுக்கு இரண்டு பங்குக்குள் அடக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. கொலஸ்ட்ரால் இல்லாமையே நன்மை என்றால் வனஸ்பதியன்றோ அமுதமாயிருக்க வேண்டும்?

எண்ணெய்களிடையே வேற்றுமை இல்லை என்று பொருளன்று. இரத்தத்தில் எல்.டி.எல்.-ஐ ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது நல்லெண்ணெயில் சுமார் ஏழில் ஒரு பங்கும், கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும், தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குமாக உள்ளது. தென்னை விவசாயிகளின் மனம் நோகும் என்பதற்காக இதை மறைப்பது சரியன்று. துவையலுக்கும் குழம்புக்கும் தேங்காய் அரைப்பது வேறு. நாள்தோறும் அதன் எண்ணெயிலேயே பொரிப்பது வேறு. எள்ளும் கடலையும் பயிரிடும் உறுப்பினர்களோ தலைநிமிர்ந்து தம் சரக்கை விற்கலாம். அதற்கு “கொலஸ்ட்ரால் அற்றது” என்னும் வெற்று விளம்பரம் தேவையில்லை. இன்ன ஊரில் விளைந்தது, இன்ன மாதம் ஆட்டியது என்று எழுதினால் போதும்.

அப்படியானால் பொதுநல நிதியை எவ்வாறு செலவிடுவது? இதற்கும் முன்னோடிகள் நம் அருகிலேயே உள்ளனர். அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ள தன்னார்வ மருத்துவ சேவை நிலையத்தை 1958-இல் நிறுவிய டாக்டர் கே. எஸ். சஞ்சீவி, குடும்பங்கள் தம் வருமானத்துக்கேற்பச் சிறு சந்தா செலுத்தி மருத்துவ உதவி பெறும் முறையைக் கொண்டுவந்தார். பெயரில் இல்லாவிடினும் கொள்கையில் அது கூட்டுறவே. பின்னர், சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம். கே. மணியும் அவர் சார்ந்த கிட்னி ஹெல்ப் டிரஸ்டும், சென்னையை ஒட்டிய கிராமங்களில் 25,000 மக்களிடையே ஒரு பணி செய்தனர். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கவும், சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் உளவா என்று சோதிக்கவும் செய்து, தேவையானவர்களுக்கு விலை குறைந்த பழைய மருந்துகளையே கொடுத்தனர். இரத்த அழுத்தம் மிகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அது 140/90-க்குள் அடங்கிற்று. ஊரில் ஆள் ஒருவருக்கு ஆண்டுச் செலவு கால் டாலர் சுற்றளவே ஆயிற்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீடு தேடிச் செல்லும்போது முதலிடம் கொடுத்தது இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமே.

எனவே அடுத்த பேரவையில் இத்தீர்மானம் வரும்போது, பெரிய பரிசோதனைத் தொகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதற்கு முன், நிர்வாகக் குழுவினர் சிலவற்றை எண்ணிப் பார்க்கலாம். சங்க அலுவலகத்தில் ஒரு நல்ல இரத்த அழுத்தமானியும், எடை பார்க்கும் கருவியும், இடுப்பளவு எடுக்க ஓர் அளவு நாடாவும் நிரந்தரமாக இருக்கட்டும். நாடாவுக்கு நெசவாளர் சங்கத்தில் பஞ்சமில்லை! கூலி வாங்க வரும் நாளிலேயே உறுப்பினரின் அழுத்தத்தைப் பார்த்து, அவரது பாஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேதியோடு குறித்துவிடலாம். முப்பது வயதைக் கடந்த யாவருக்கும் ஆண்டுக்கொரு முறை சர்க்கரை பார்க்கலாம். கொழுப்புப் பரிசோதனைக்கான பணத்தை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், இளவயதில் மாரடைப்பு கண்ட குடும்பத்தினர் ஆகியோருக்கு ஒதுக்கலாம். அவர்களுக்கும் மொத்த எண்ணை மட்டுமன்றி நான்கு பகுதிகளையும் பிரித்துக் காட்டும் சீட்டே பெற வேண்டும். மாரடைப்புக்குப் பின் மாத்திரை உண்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் செயலாளர் வைத்திருந்து, மாதந்தோறும் அவர்கள் மருந்து வாங்கினார்களா என்று கேட்டு வருவாரானால், அந்த ஒரு பக்கக் குறிப்பேடு முகாமில் செலவாகும் பணத்தைவிட அதிகப் பலன் தரும். மருந்தை நிறுத்த விரும்புவோரிடம் வாதம் செய்ய வேண்டியதில்லை. சீட்டு எழுதிய மருத்துவரிடமே அவர்களை அனுப்பி வைத்தால் போதும்.